ஆறு ஓடாத இரண்டு ஊர்கள்

2025 ஜூன் 25, புதன்கிழமை. நண்பகல் 12 மணி தாண்டி ஒரு நிமிடம். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் பெரியையாவின் வாழைத் தோட்டத்தில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. பங்குக் கிணறு, அன்றைக்கு எங்கள் முறை வர வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கிணற்றடியில் மெசின் இரைய, செம்மண் வாய்க்காலால் தண்ணீர் ஓடி வந்தது. ஒரு பாத்தி நிரம்பியதும் பெரியையா மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை அள்ளி அதன் வாயை அடைப்பார். அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிடுவார். நான் கப்பல் வாழை ஒன்றின் நிழலில் குந்தியிருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புளோரிடாவில் அப்போது அதிகாலை 2.31. கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ ஏவுதளத்தில் இருந்து ஃபால்கன் 9 ரொக்கெற் எழும்பியது. அதன் உச்சியில் இருந்த ட்ராகன் கலத்தில் நான்கு பேர். அவர்களில் ஒருவர் லக்னோவில் பிறந்த சுபான்ஷு சுக்லா, இந்திய விமானப் படையின் குரூப் கப்டன்.

பெரியையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு உயரம் போகினம், தம்பி?"

"நானூறு கிலோமீற்றர் மட்டிலை, பெரியையா."

"எப்ப போய்ச் சேருவினம்?"

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு. இருபத்தெட்டு மணித்தியாலம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நானூறு எண்டால் இஞ்சையிருந்து கொழும்பு. ராத்திரி ஏறின பஸ் விடிய வெள்ளவத்தையிலை இறக்கிவிடுது. அவ்வளவு பெரிய வாணம் ஒரு நாளுக்கு மேலை மினக்கெடுறதோ?"

விண்வெளிப் பயணத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதைவிட நல்ல கேள்வி இல்லை. நூலகத்தில் எத்தனையோ புத்தகங்கள் உயரத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லும். இவ்வளவு கிட்ட இருக்கும் இடத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்காமலே கடந்துவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சுற்றுப்பாதை என்பதன் பாதி விளங்கிவிடும்.

முதலில், உயரம் பெரிய காரியமே அல்ல. புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள் ட்ராகன் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. சிரமம் எல்லாம் பக்கவாட்டு வேகத்தில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் வானத்தில் ஓரிடத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. செக்கனுக்கு ஏறக்குறைய 7.66 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருக்கிறது. நீர்வேலியில் இருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் 310 கிலோமீற்றர் போல வரும். நிலையம் அதை 40 செக்கனில் கடந்துவிடும்.

அந்த வேகம் எதற்கு? விழாமல் இருக்க அல்ல, விழுந்துகொண்டே இருக்க. ஒரு செக்கனில் நிலையம் பூமியை நோக்கி 4.3 மீற்றர் விழுகிறது. மாரியில் எங்கள் கிணற்றுக் கட்டில் இருந்து நீர்மட்டம் வரை கிட்டத்தட்ட அவ்வளவு ஆழந்தான். ஆனால் அதே செக்கனில் அது 7.66 கிலோமீற்றர் முன்னே போய்விடுகிறது. அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவும் அதே 4.3 மீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. விழுந்த அளவுக்கு நிலமும் விலகிக்கொள்வதால் விழுகை முடிவதேயில்லை. 93 நிமிடத்துக்கு ஒரு தரம் உலகைச் சுற்றியபடி விழுகிறது.

மேலே ஈர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு நிலத்தில் உள்ளதில் நூற்றுக்கு 88 பங்கு இருக்கிறது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். வெறும் பால்மாப் பேணி ஒன்றில், அடியில் இருந்து ஒரு விரற்கடை மேலே ஆணியால் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் நிரப்பித் துளையை விரலால் பொத்திக்கொண்டு ஒரு கதிரையில் ஏறி நில்லுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் வளைந்து பீறும். இப்போது பேணியைக் கைவிடுங்கள். நிலத்தில் மோதும்வரை துளையால் தண்ணீர் வராது. பெரியையாவின் பேத்தி மாமரத்தடியில் இதைச் செய்ய, நான் மெதுவோட்டப் படமாக எடுத்துப் பார்த்தேன். கையை விட்டுப் பேணி பிரிந்த அந்தக் கணத்தில், வெட்டிவிட்டதுபோலத் தாரை நின்றது. பேணியும் தண்ணீரும் ஒன்றாக விழுவதால், தண்ணீர் பேணியை அழுத்துவதில்லை. விண்வெளி நிலையம் அந்தப் பேணி. உள்ளே இருக்கும் மனிதர் அந்தத் தண்ணீர். பேணி விழும் அரைச் செக்கன் அவர்களுக்கு மாதக்கணக்காக நீள்கிறது.

இனிப் பெரியையாவின் 28 மணித்தியாலத்துக்கு வருவோம். நிலையத்தின் பாதை பூமத்திய கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது. பூமி சுழலும்போது ஏவுதளமும் கூடவே சுழன்று அந்தப் பாதையின் தளத்துக்குள் நுழைகிற கணத்தில் ரொக்கெற் கிளம்ப வேண்டும். அந்தக் கணம் தப்பினால் அடுத்த நாள்தான். ஆனால் ஏவுதளம் பாதைக்கு வந்துவிட்டது என்பதற்காக நிலையமும் தலைக்கு மேலே வந்து நிற்கும் என்றில்லை. அது உலகின் மறுபக்கத்தில் இருக்கலாம். பாதை ஒன்று, இடம் வேறு. ஓடிப் பிடிக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? நல்லெண்ணெய்ச் செக்கை நினைத்துப் பாருங்கள். உலக்கையோடு பூட்டிய தடியில், உரலுக்குக் கிட்ட உள்ள இடமும் மாட்டுக்குக் கிட்ட உள்ள இடமும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். வெளியே உள்ளதுதான் வேகமாக ஓடும். வானத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. உள்ளே, பூமிக்குக் கிட்ட, ஈர்ப்புக் கூட. ஆகவே உள்ளே ஓடுவதற்குத்தான் வேகமும் கூட, பாதையும் குறுகல். 200 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 88 நிமிடம் சொச்சம், நிலையத்துக்கோ 93. கீழே ஓடுகிற கலம் சுற்றுக்குச் சுற்று நான்கு நிமிடம்போல நிலையத்தை எட்டிக்கொண்டு வரும். எட்ட வேண்டிய இடைவெளி அன்றைக்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து நேரம் கூடும், குறையும். 2020 இல் ஒரு சோயுஸ் கலம் மூன்று மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுக்லாவின் ட்ராகனுக்கு 28.

இதில் மனித மனத்தை மிகவும் குழப்பும் ஒன்று உண்டு. முன்னே போகிறவரைப் பிடிக்க வேண்டுமானால் நாம் வேகத்தைக் கூட்டுவோம். சுற்றுப்பாதையில் பின்னால் உந்தி வேகத்தைக் கூட்டினால் கலம் மேலே ஏறும், மேலே ஏறினால் சுற்று நீளும், நீண்டால் பிந்தும். பிடிக்க ஓடியவர் பின்தங்குவார். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மக்டிவிட் இதைப் பட்டறிந்தார். தன் ரொக்கெற்றின் கழன்ற பகுதி கண்ணெதிரே மிதக்க, அதை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். அது விலகிக்கொண்டே போனது. எரிபொருள் தீர்ந்துவிடும் என்று கடைசியில் கைவிட்டார். கைதேர்ந்த விமானி அவர். அவருடைய கைப்பழக்கம் முழுக்க இந்த மண்ணில் பழகியது, அதுதான் காரணம். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, கணக்குப் போட்டு, கீழ்ப்பாதையில் பொறுமையாகச் சுற்றி, ஜெமினி 7 ஐ ஓரடித் தூரத்துக்கே நெருங்கியது. இன்று நிலையத்துக்குப் போகும் எல்லாக் கலங்களும் அந்த வழியில்தான் போகின்றன.

சுக்லாவும் மற்ற மூவரும் மறுநாள் பின்னேரம் 4.01 க்குச் சேர்ந்தார்கள். அந்தக் கடைசி நிமிடங்கள் எனக்குப் புறப்பாட்டைவிடப் பெரிதாகப்பட்டன. கலமும் நிலையமும் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று பார்த்தால் செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர்தான். கட்டில் முட்டாமல் வாளியைக் கிணற்றுக்குள் இறக்குகிற கை மாதிரி. முதலில் மென்மையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பன்னிரண்டு கொக்கிகள் இறுக்கிப் பூட்டும். பூட்டிய பிறகும் கதவைத் திறப்பதில்லை. காற்றுக் கசிகிறதா என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்து, இரு பக்க அழுத்தத்தையும் சமன் செய்து, அதன் பின்தான் உள்ளே போனார்கள்.

கசிவு என்ற சொல்லுக்கு அந்தப் பயணத்தில் முன்பே ஒரு கதை இருக்கிறது. மே கடைசியில் போக வேண்டியவர்கள் ஜூன் 25 வரை இழுபட்டார்கள். ஜூன் 11 க்குக் குறித்த புறப்பாடு, ரொக்கெற்றின் முதற்கட்டத்தில் திரவ ஒட்சிசன் கசிவதாகத் தெரிந்ததால் நின்றது. பிறகு நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த காற்றுக் கசிவைப் பார்க்க இன்னும் நாட்கள் போயின. அப்போது புளோரிடாவில் இருந்த இந்தியக் குழுவுக்குத் தலைமை, இஸ்ரோவின் தலைவர் வி. நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருந்து வந்தவர். நீண்ட காலம் அதிகுளிர் எரிபொருள் இயந்திரங்களோடு வேலை செய்தவர். திரவ ஒட்சிசன் எப்படிக் கசியும், கசிந்தால் என்ன செய்யும் என்று கையால் அறிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார் என்பதை நினைக்க எனக்கு நிறைவாக இருக்கிறது. கசிவைச் சீராக்கிச் சோதித்த பிறகே கிளம்ப வேண்டும் என்று அவர் நின்றார்.

அந்த நான்கு பேரில் கட்டளைத் தளபதி பெக்கி விட்சன், அமெரிக்கர்களில் மிகக் கூடிய நாட்கள் விண்வெளியில் இருந்தவர். சுக்லா விமானி. மற்ற இருவர் போலந்தின் ஸ்லாவோஷ் உஸ்னான்ஸ்கியும் ஹங்கேரியின் திபோர் கப்புவும். போலந்து 1978 இலும் ஹங்கேரி 1980 இலும் இந்தியா 1984 இலும் சோவியத் கலங்களில் ஒவ்வொருவரை அனுப்பியவை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து மூன்று நாடுகளும் ஒரே கலத்தில் திரும்பவும் போயின.

1984 ஏப்ரல் 3 இல் ராகேஷ் சர்மா பைக்கனூரில் இருந்து சோயுஸ் ரி-11 இல் ஏறி சல்யூத் 7 நிலையத்துக்குப் போனபோது அப்பா அந்தச் செய்தியைத் திருச்சி வானொலியில் கேட்டதாகச் சொல்வார். ஏழு நாள், 21 மணித்தியாலம், 40 நிமிடம் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். எனக்குச் சொந்தமான நினைவு அதற்குப் பிந்தியது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த காலம். அதையும் எட்டு மணிக்கு அணைத்துவிடுவார்கள். முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் வானம் முழுக்க நட்சத்திரம். அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் அசைந்து வரும். நாங்கள் முதலில் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்ப்போம். இரைச்சல் இல்லையா, விமானம் இல்லையா, சரி, பிறகு பார்க்கலாம். சத்தமில்லாமல், மினுங்காமல், அது ஐந்தாறு நிமிடத்தில் தென்னைக்குப் பின்னால் போய்விடும். அவற்றுள் சில மிர் நிலையமாக இருந்திருக்கும் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. மிர்ரும் 51.6 பாகைப் பாதையில்தான் ஓடியது. பைக்கனூரில் இருந்து ஏவி, கழன்று விழும் பாகங்கள் சீனாவுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தெடுத்த சாய்வு அது. அந்தப் பாதை எங்கள் முற்றத்துக்கு மேலாலும் போனது. 1991 மே மாதம் மிர்ருக்குப் போன சேர்ஜி கிரிகலெவ் 311 நாள் அங்கே இருந்தார். அவர் இறங்கி வந்தபோது, அவரை அனுப்பிய நாடு இருக்கவில்லை. நாங்கள் பாயில் கிடந்து பார்த்த வெளிச்சத்தில் ஒருவேளை அவரும் இருந்தார்.

வானத்தில் எங்களுக்கு வேறொரு பங்கும் உண்டு, எங்களைக் கேளாமலே வந்த பங்கு. இந்தியாவின் ஏவுதளம் உள்ள சிறீஹரிக்கோட்டா கிழக்கு நெட்டாங்கு 80.2 பாகையில் இருக்கிறது. எங்கள் வடமராட்சியின் பருத்தித்துறையும் 80.2. ஏவுதளத்தில் இருந்து நேர் தெற்கே ஒரு நூல் பிடித்தால் அது வடமராட்சியில் வந்து விழும். நீர்வேலி அந்த நூலுக்கு மேற்கே சிறிது தூரத்தில். துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெற்றுக்கு அந்த நேர் தெற்குத்தான் தேவை. இலங்கைக்கு மேலால் பறக்கக்கூடாது என்பதால் அது முதலில் தென்கிழக்கே போய், கடலுக்கு மேலே திரும்புகிறது. திரும்பும் செலவு எரிபொருளாகப் போகிறது. அந்த அளவுக்குச் சுமை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இதுவே காரணம். அங்கிருந்து தெற்கே வெறும் கடல். அதே பெப்ரவரியில், இந்தியா தன் சொந்தக் கலத்தில் மனிதரை அனுப்பத் திட்டமிடும் ககன்யான் பயணத்துக்கான நான்கு பேரின் பெயர்கள் வெளியாகின. அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

இலங்கை தன் பங்குக்கு நிலையத்துக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறது. இராவணா-1, ஒரு கிலோ சொச்சம், ஒரு சின்ன வாழைச் சீப்பின் எடை. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர் உருவாக்கியது. 2019 ஏப்ரலில் சரக்குக் கலத்தில் நிலையத்துக்குப் போனது. ஜூன் 17 இல் அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அது நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு நாளில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். நாடு துக்கத்தில் மூழ்கியது. பெட்டியைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் இருக்கவில்லை.

நான் உண்மையில் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. ஆண்டு முழுக்க அதைத்தான் இறைக்கிறோம். அந்த நன்னீர் கல்லின் மேல் நிற்பதாக நினைப்போம். அது நிற்பது உப்புநீரின் மேல். கடல் நாலு பக்கத்தாலும் கல்லுக்கு உள்ளே வந்திருக்கிறது. எடை குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் இருந்தால் கீழே நாற்பது மீற்றர்போல இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும்: மேலே ஒரு மீற்றர் இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் உப்பு நாற்பது மீற்றர் மேலே வரலாம். நீர்வேலிக்குக் கிட்ட, நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பலரும் அறிவார்கள். அது ஊருக்கு அடியில் இருப்பதைக் காட்டும் ஒரு ஜன்னல்.

விண்வெளி நிலையமும் ஆறு ஓடாத ஊர். மழையும் இல்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு, குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள எல்லாமாக 3.8 லீற்றர் தேவை. எங்கள் வீட்டில் முகம் கழுவவே அதைவிடக் கூடச் செலவாகும். ஒவ்வொரு லீற்றரும் ஒரு கிலோ. கீழே இருந்து தூக்கிக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே அங்கே ஊருக்குள் இருக்கும் ஈரம் எல்லாம் ஊரின் சொத்து. மூச்சில் போகும் ஆவி, வியர்வை, ஈரத் துவாயில் இருந்து உலரும் நீர் எல்லாம் குளிர்ந்த தகட்டில் படிந்து சேர்க்கப்படுகின்றன. சிறுநீர் காய்ச்சி வடிக்கப்படுகிறது. நிறையற்ற நிலையில் நீரும் ஆவியும் தாமாகப் பிரியா. அதனால் சுழலும் உருளை ஒன்றுக்குள், குறைந்த அழுத்தத்தில் காய்ச்சுகிறார்கள். சுழற்சி நீரைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும், நிறைந்த வாளியைத் தலைக்கு மேலாகச் சுழற்றினாலும் தண்ணீர் கொட்டாதது மாதிரி. எஞ்சும் கரைசலில் இருந்தும் ஈரத்தை எடுக்க ஒரு கருவி 2021 இல் போனது. 2023 இல் நாசா அறிவித்தது: நூற்றுக்கு 98 பங்கு மீட்கிறோம். நேற்றுக் குடித்த கோப்பியே நாளைக்கும் கோப்பி என்று அங்கே இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரைப் பிரித்து ஒட்சிசன் எடுத்து மூச்சு விடுகிறார்கள். வெளிவிடும் காபனீரொட்சைட்டை, பிரிந்த ஐதரசனோடு சேர்த்து மறுபடி தண்ணீராக்கும் வழியும் உண்டு. மிஞ்சும் மெதேனை வெளியே விட்டுவிடுவார்கள்.

இந்த யந்திரம் ஒருமுறை அடைத்துக்கொண்ட கதையை எங்கள் ஊரில் யாருக்குச் சொன்னாலும் உடனே பிடிபடும். எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல்லுப் படியும். சுண்ணாம்புக் கல்லால் ஊறி வந்த தண்ணீர். காய்ச்சக் காய்ச்சக் கல்சியம் படிந்து, மாதக் கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டுச் சுரண்ட வேண்டும். நிலையத்தில் சிறுநீர் வடிக்கும் கருவிக்குள்ளும் இதே மாதிரிக் கல்சியம் சல்பேற்றுப் படிந்து அடைத்தது. சுண்ணாம்புக் கல் அங்கே எங்கே இருக்கிறது? எலும்பில் இருக்கிறது. நிறையைத் தாங்கும் வேலை இல்லாத எலும்பு, கல்சியத்தை இழக்கத் தொடங்கும். தடுக்காவிட்டால், உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை தேயும். அது சிறுநீரோடு போகும். நிலத்தில் சோதித்தபோது இருந்ததைவிட மேலே கல்சியம் கூடியிருந்தது, கருவி அடைத்தது. சிறுநீரைப் பதப்படுத்தச் சேர்த்த சல்பூரிக்கமிலத்தை விட்டுப் பொசுபோரிக்கமிலத்துக்கு மாறித்தான் அதைச் சரிக்கட்டினார்கள். மனிதரின் எலும்பு கரைந்து அவர்கள் குடிக்கும் தண்ணீரின் குழாயில் கல்லாகப் படிந்தது என்பதை முதலில் வாசித்தபோது நான் கேத்தலை எடுத்து வெகுநேரம் பார்த்தேன்.

இன்னொன்று. 2010 இல் நிலையத்தின் குடிநீரில் காபன் சேர்ந்த ஏதோ ஒன்று ஏறத் தொடங்கியது. தேடிக் கண்டுபிடித்தார்கள்: சிலிக்கன் கலந்த ஒரு சேர்வை. தலைக்கும் உடம்புக்கும் பூசும் பொருட்கள், துடைக்கும் ஈரத்தாள்கள் போன்றவற்றில் இருந்து காற்றுக்கு எழும்பி, ஈரத்தோடு படிந்து, குடிநீருக்குள் வந்திருந்தது. மூடிய ஊரில் பூசியதைக் குடிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சேதி எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் பாத்திக்குப் போட்ட யூரியா நைத்திரேற்றாகி, கல்லின் வெடிப்பால் இறங்கி, கிணற்றுக்கே வந்து சேர்கிறது. மலகூடக் குழிகளில் இருந்தும் வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு; குடாநாட்டில் அதைத் தாண்டிய கிணறுகள் இருப்பதை ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள். கைக்குழந்தைக்கு அது இரத்தத்தில் ஒட்சிசன் ஏறுவதைக் கெடுக்கும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும் கண்டோம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்தாயிற்று, அது வேண்டியதுதான். ஆனால் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தங்கள் தண்ணீரைத் தொடர்ந்து அளந்து பார்க்கிறார்கள். எங்கள் பங்குக் கிணற்றில் நேரத்தை மணிக்கணக்காக, நிமிடக்கணக்காகப் பங்கு போட்டு, அதற்காகச் சண்டைகூடப் பிடித்திருக்கிறோம். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தோம் என்று பெரியையாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த மாதமே ஒரு போத்தலில் பிடித்துச் சோதிக்கக் கொடுத்தேன்.

சுக்லாவின் ட்ராகன் ஜூலை 15 பின்னேரம் 3.01 க்குக் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலில் இறங்கியது. இரண்டு நாள் கழித்து மறுபடி எங்கள் முறை. பெரியையா வாழைக்குட்டி ஒன்றைக் கிளப்பி வேரைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். அங்கே என்ன செய்தவர் அந்தப் பெடியன் என்று கேட்டார். பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தவர், முளையைக் குளிரூட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கினம் என்றேன்.

அவர் கை நின்றது. "அங்கை மேல், கீழ் இல்லையெண்டு சொன்னாய். அப்ப வேர் எந்தப் பக்கம் போகும்?"

வேர் நுனியின் உயிர்க்கலங்களுக்குள் பாரமான மாப்பொருள் மணிகள் இருக்கின்றன, அவை அடியில் போய்ப் படிவதை வைத்துத்தான் வேர் கீழ்ப்பக்கத்தை அறிகிறது, மேலே அவை படியா என்று சொன்னேன். ஜப்பான்காரர் வெள்ளரி விதையை நிலையத்தில் முளைக்க வைத்துப் பார்த்த கதையையும் சொல்லத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"தண்ணி இருக்கிற பக்கந்தான் போகும்," என்றார்.

வெள்ளரி வேர் அப்படித்தான் போயிருந்தது. பெரியையா குட்டியைக் குழிக்குள் வைத்து, மண்ணை மிதித்து, வாய்க்கால் வாயை வெட்டிவிட்டார். எங்கள் முறை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.